பதினோரு விநாடி

மெமரி கார்டின் மேல் ஒரு சின்ன வட்டத்துக்குள் எண் போட்டிருக்கும். இரண்டு, நான்கு, ஆறு, பத்து என்று. அது என்ன எண் என்று தெரியாமலேயே நான் ஆறு வருடம் டிஜிட்டலில் படம் எடுத்துப் பிழைத்தேன். தெரியாது என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. கும்பகோணத்தில் நான் வழக்கமாகக் கார்டு வாங்கும் கடைக்காரர் முருகையன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். அந்த எண்தான் வேகம், கேமரா எடுக்கிறதைக் கார்டு எவ்வளவு சீக்கிரம் எழுதிக்கொள்ளும் என்று அதை வைத்துத்தான் தெரியும், பெரிய எண்ணாகப் பார்த்து எடுங்கள் என்பார். மனுஷன் விலை கூடின சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன். நான் பார்ப்பதெல்லாம் எத்தனை ஜி.பி. என்று மட்டும்தான். சாக்கு பெரிதாக இருந்தால் போதும், அதன் வாய் எவ்வளவு அகலம் என்று எவன் பார்க்கிறான்?

உண்மையில் எனக்கு அதனால் பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை. தொடர்ந்து நாலைந்து படம் அழுத்தினால் கேமரா கொஞ்ச நேரம் மரத்துப்போய் நிற்கும். பொத்தானை என்னதான் அமுக்கினாலும் கேட்காது. முன்னால் எடுத்ததையெல்லாம் கார்டில் எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததற்கு வரும். அதற்குள் மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டிருப்பான், பெண் மாலையை மாற்றியிருப்பாள். போனால் என்ன? "மாப்பிள்ள, இன்னொரு தடவை" என்பேன். எங்கள் பக்கத்தில் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. மோதிரத்தைக் கழற்றி மறுபடி போடுவார்கள். வெட்டின கேக்கிலேயே மறுபடி கத்தியை வைப்பார்கள். புதுநன்மையில் முதன்முதலாக அப்பம் வாங்கிய பிள்ளைகூட வெறும் வாயை மறுபடி திறந்து காட்டும். தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இந்த 'இன்னொரு தடவை'தான். சிங்கராயர் வீட்டில் அது பலிக்கவில்லை.

என் பெயர் சூசை. திருவிடைமருதூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஊர் அங்கிருந்து மூன்று மைல். எங்கள் ஊரில் மாதா கோயிலைச் சுற்றி நாற்பது வீடு கிறிஸ்தவ வீடு. அதில் சிங்கராயர் வீடு நிலபுலம் உள்ள வீடு. அவருடைய மகன் ஆண்டனியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டேன், அவன் ஏஜென்ட்டைப் பிடித்து குவைத்துக்குப் போனான்.

அவன் போய் நாலாவது வருடம், 2003-இல், அவன் அம்மா தவறிப்போனார்கள். ஆண்டனி வரவில்லை. இரண்டு நாள் பிரேதத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சவப்பெட்டியை மூடவேண்டியதாகிவிட்டது. மூடுவதற்கு முன்னால் சொந்தபந்தமெல்லாம் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்புவோம். அன்றைக்கும் நான்தான் எடுத்தேன். மகன் நிற்கவேண்டிய தலைமாட்டில் ஒரு ஆள் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சிங்கராயர் பார்த்துவிட்டு, "எதுக்கு எடம்? நெருங்கி நில்லுங்க" என்றார். எல்லாரும் நெருங்கி நின்றார்கள். அந்தப் படம்தான் ஆண்டனிக்குப் போனது.

அதோடு பேச்சு நின்றது. பெற்ற தாய்க்கு மண் போட வராதவனை மன்னிக்கமாட்டேன் என்று பெரியவர் கோயில் வாசலில், டீக்கடையில், வாய்க்கால் கரையில் என்று எல்லா இடத்திலும் சொன்னார். ஆண்டனிக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. ஏன் வரமுடியவில்லை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தடவை லீவில் வந்தான். இரண்டு தடவையும் நாகப்பட்டினத்தில் மாமனார் வீட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். கூப்பிட்டுப் பார்த்த எனக்கு ஒரே பதில்தான் சொன்னான். அப்பா தன் வாயால் வா என்று சொல்லட்டும், அன்றைக்கே வந்து நிற்கிறேன் என்றான். இப்படியே எட்டு வருடம் ஓடியது.

2011 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பா அறுப்பு முடிந்து ஊரெல்லாம் வைக்கோல் தூசி. காலையில் கோயிலில் ஒரு ஞானஸ்நானம், அதைப் படம் எடுத்துவிட்டு ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தால் கரண்ட் இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சிங்கராயரின் மகள் அமலி வந்தாள். ஆண்டனிக்குத் தங்கை, புருஷனோடு அப்பா வீட்டிலேயே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். பங்குச் சாமியாரை அழைத்து, கடைசி நேரத்து எண்ணெயான அவஸ்தை பூசச் சொல்லலாம் என்றதற்கு, பெரியவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அதற்கு முன்னால் மகனிடம் பேசவேண்டும்.

"போன் போட்டுத் தர்றேன்பான்னேன். வேணாங்கிறாரு அண்ணே. அவருக்குத்தான் காது கேக்காதே. அவன் குறுக்க பேசுவான், எனக்கு ஒண்ணும் வெளங்காது, நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் சும்மா கேக்கணும்ங்கிறாரு. சூசையை அவன் மெசினோட வரச் சொல்லுன்னு சொன்னாரு."

கோயில் திருவிழாவில் நான் கேமராவிலேயே வீடியோ எடுத்து டி.வி.யில் போட்டுக் காட்டியதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கேமரா வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் வீடியோ வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

அமலி சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டு வருடப் பிணக்கு தீரப்போகிறது, அதுவும் என் கேமராவில். எழுந்தேன். கேமராவில் இருந்த கார்டு நிறைய ஞானஸ்நானப் படம். கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு அழிக்கலாம் என்றால் கரண்ட் வர நாலு மணியாகும். முருகையனிடம் ஒரே ஒரு தடவைதான் பத்து போட்ட கார்டு வாங்கியிருந்தேன், அது இதுதான். மேசை இழுப்பறையைக் குடைந்தேன், வேறு எதுவும் அகப்படவில்லை. என் செல்போனில் கிடந்த குட்டிக் கார்டை உருவி, அடாப்டரில் செருகி, கேமராவில் போட்டேன். கொள்ளளவு எட்டு ஜி.பி. இருந்தது, அது போதும் என்று கிளம்பிவிட்டேன். வட்டத்துக்குள் என்ன எண் என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. நாலு என்று பிறகு பார்த்தேன்.

சிங்கராயரைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் கட்டிலில் தலையணை அணைத்து உட்கார வைத்திருந்தார்கள். ஊரையே அதட்டிய குரல் தேய்ந்து, மூச்சோடு சேர்ந்துதான் வந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். அமலியைச் சாமியாரை அழைத்து வரச் சொல்லி அனுப்பினார். அவள் புருஷன் களத்தில் இருந்தார். பெரியவர் என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி ஸ்டாண்டை வைத்து, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வீடியோவை வைத்தேன். ஆண்டனி அப்பாவைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்றுதான் அப்படி வைத்தேன். தரம் கூடக் கூடக் கார்டு வேகமாக எழுதவேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அழுத்தினேன். சிவப்புப் புள்ளி எரிந்தது. பேசுங்கள் என்று கையைக் காட்டினேன்.

பெரியவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அங்கேதான் நான் கெட்டேன். பதினாலு வயதுவரை பூசைக்கு உதவி செய்த பையன் நான். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டு தன் குற்றத்தைச் சொல்ல வாயெடுத்தால் அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அந்த வயதில் சொல்லிக்கொடுத்தது இன்னும் உடம்பில் இருக்கிறது. பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும்தான் கொடுப்பார். என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. கேமராவுக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். கேட்காமல் இருந்தால் இன்னும் மரியாதைதான். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஆண்டனி. உங்கம்மாவைப் பெட்டியில வச்சு மூடுறப்ப நீ வரல. அதை நான் மன்னிக்கல."

மூச்சு வாங்கினார். பிறகு பேசினார். மூன்று நிமிடம் இருக்கும். ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனதில் இருக்கிறது.

"மன்னிக்கலன்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா மூஸா வந்தான். நாகூர் மூஸா, உன்கூட வேலை பாத்தவன். அம்மா போயி ரெண்டாவது வருசம், என்னைத் தேடிக்கிட்டு வந்தான். பாஸ்போர்ட்டைக் குடுங்கன்னு உன் கம்பெனி ஆபீஸ் வாசல்ல நீ மூணு நாள் உக்காந்திருந்தியாம். சோறு தண்ணி இல்லாம. கடைசியில அவனுங்க கால்ல விழுந்தியாம். அப்பயும் தரலியாம். மூஸா சொன்னான். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் ஆறு வருசம் வாயைத் தொறக்கல. சொன்ன சொல்லை எப்படி மாத்துறதுன்னு வீம்பு. தப்பு உம் மேல இல்லடா. எம் மேலதான். அப்பாவை மன்னிச்சுடு. வா. வந்து நீதான் என்னைத் தூக்கணும்."

ஆமென் என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பொத்தானை அழுத்தி, கேமராவை அணைத்து, பையில் வைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அமலி சாமியாரோடு வந்துவிட்டாள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டார், நன்மை அப்பம் கொடுத்தார், அவஸ்தை பூசினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வண்டியில் திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தேன்.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். இரண்டு வீடியோத் துண்டு இருந்தன. ஒன்று பதினோரு விநாடி. இன்னொன்று ஒரே விநாடி.

கார்டால் எழுத முடியவில்லை. கேமரா கொட்டிக்கொண்டே இருக்கிறது, கார்டு வாங்கிக்கொள்ளத் திணறுகிறது, பதினோராவது விநாடியில் கேமரா தானாக நிறுத்திக்கொண்டுவிட்டது. அதற்கு மணி கிணி எதுவும் அடிக்காது. திரையின் ஓரத்தில் ஒரு கம்பி மளமளவென்று ஏறும், சிவப்புப் புள்ளி போய்விடும், அவ்வளவுதான். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். நான்தான் மரியாதை தெரிந்தவன் ஆயிற்றே, மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நிறுத்துவதாக நினைத்து நான் அழுத்தியது, நின்றுபோனதைத் தொடங்கியிருக்கிறது. அந்த ஒரு விநாடியில் பெரியவர் துண்டால் முகம் துடைக்கிறார்.

பதினோரு விநாடியை ஓட்டிப் பார்த்தேன். சிலுவை போடுகிறார். ஆண்டனி என்கிறார். நீ வரல என்கிறார். அதை நான் மன்னிக்கல என்கிறார். முடிந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

அழிந்த படத்தை மீட்கிற சாப்ட்வேர் என்னிடம் இருந்தது. அதைப் போட்டுத் தேடினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் செல்போனில் எடுத்து அழித்த ஆட்டுக்குட்டிப் படமெல்லாம் கிடைத்தது. எழுதாததை எங்கிருந்து மீட்பது? நாற்காலியில் உட்கார்ந்து என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

மனதைத் தேற்றிக்கொண்டு, மறுபடி பேசச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று அன்று சாயங்காலமே போனேன். இந்த முறை ஞானஸ்நானப் படத்தை இறக்கி அழித்துவிட்டு அந்தப் பத்து போட்ட கார்டோடு போனேன். பெரியவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன. "அனுப்பிட்டியா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை மேலும் கீழுமாக ஆடிவிட்டது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அந்த ஒரு ராத்திரி நான் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் அமலியைத் தனியாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே கூட்டிப் போனாள். விடியற்காலையிலிருந்து அப்பாவுக்குக் குரல் இல்லை என்றாள். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை பேசவேண்டும் என்று அவர் காதில் கத்தினேன். அவர் கையை விரித்து, சொல்லியாயிற்றே என்பதுபோல் காட்டினார். இருந்தாலும் எங்களுக்காகக் கேமராவைப் பார்த்து வாயை அசைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு தடவை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கேமராவை நிறுத்தாமல் நின்றேன். பன்னிரண்டு நிமிடம், ஒரு விநாடி விடாமல், அந்தக் கார்டு அவ்வளவையும் எழுதிக்கொண்டது.

மத்தியானம் குவைத்துக்குப் போன் போட்டேன். அப்பா பேசியிருக்கிறார், சூசை அனுப்புவார் என்று அமலி ஏற்கெனவே அவனிடம் சொல்லியிருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். நடந்ததையும், அப்பா சொன்னதையும் வரிக்கு வரி சொன்னேன். மூஸாவைச் சொன்னேன், மூன்று நாளைச் சொன்னேன், மன்னிச்சுடு என்றதைச் சொன்னேன், வந்து தூக்கு என்றதைச் சொன்னேன். இருக்கிறதை அனுப்பு என்றான். அதை நீ பார்க்கவேண்டாம், முழுசாக இல்லாததைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்று கெஞ்சினேன்.

"எட்டு வருசம் கழிச்சு எங்கப்பா என் பேரைச் சொல்லியிருக்காரு. அதைப் பாக்க வேணாம்னு நீ சொல்றியாடா?"

எல்லாத் துண்டையும் அளவு குறைத்து, நடந்ததை விளக்கி ஒரு பக்கம் எழுதி, மின்னஞ்சலில் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை சத்தம் இல்லை. நானே கூப்பிட்டேன். இருபது தடவை பார்த்ததாகச் சொன்னான். குரல் அமைதியாக இருந்தது. அதைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இத்தனை வருசம் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாரு. இப்ப நேர்லயே சொல்லிட்டாரு. அவ்வளவுதானேடா."

அதற்குப் பிறகுதான் பேசினார் என்றேன். பின்னே இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏன் ஒன்றும் பேசவில்லை என்றான். குரல் போய்விட்டது என்றேன். துண்டால் துடைக்கிறார் பார், அது அழுகை என்றேன். வியர்வையாகவும் இருக்கலாம் என்றான். மூஸா வந்து சொன்னதை நான் எப்படிக் கற்பனை செய்யமுடியும் என்று கேட்டேன். மூஸா அதை நூறு பேரிடம் சொல்லியிருப்பான், உன் காதுக்கும் வந்திருக்கும் என்றான். மூஸா மறுபடி எங்கோ வெளிநாடு போய்விட்டார், அவரைப் போனில் பிடிக்க முடியவில்லை. நாகூரில் அவர் மனைவி நஃபீசாவின் எண்ணைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். சிங்கராயரைப் பார்த்துவிட்டு வந்ததாக அவர் ஒருமுறை சொன்னது உண்மைதான், என்ன பேசினார்கள் என்று தனக்குத் தெரியாது என்று அந்த அம்மாள் வருத்தத்தோடு சொன்னார்கள்.

கடைசியாகச் சாமியாரிடம் ஓடினேன். பெரியவர் அன்றைக்கு உங்களிடமும் இதைச் சொல்லியிருப்பார், நீங்கள் ஆண்டனியிடம் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவான் என்றேன். அவர் என் தோளைத் தொட்டார்.

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது சூசை. சொன்னாருன்னும் சொல்ல முடியாது, சொல்லலன்னும் சொல்ல முடியாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். பூசைக்கு உதவி செய்தவன்தானே நான். அவர் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லாத கோபம் என்றும் தெரியும்.

அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாளாக அவர் அமலியிடம் கையாலேயே கேட்டுக்கொண்டிருந்தாராம். என்னைக் கண்டதும் கேட்டார். படம் எடுப்பதுபோல் கையைக் கண்ணருகே வைத்தார், பிறகு காதருகே வைத்தார், பிறகு கையை விரித்தார். பார்த்தானா, என்ன சொன்னான்?

அமலி கதவருகே நின்றாள். அண்ணன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். நான் கட்டிலில் உட்கார்ந்து அவர் காதருகே குனிந்தேன். மெல்லச் சொன்னால் கேட்காது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"பாத்துட்டான். அழுதான். டிக்கெட் போட்டுட்டான். வர்றான்."

சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அவர் முகம் தெளிந்தது. கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, கட்டை விரலால் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். அது எனக்கானது இல்லை. வரப்போகிற மகனுக்குக் கொடுத்துவை என்று கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது. வியாழக்கிழமை அடக்கம். பெட்டியை மூடுவதற்கு முன் வழக்கம்போல் படம் எடுத்தேன். அமலியின் புருஷனும் பங்காளிகள் மூன்று பேரும் தூக்கினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவில் இருந்தபோது ஆண்டனி கூப்பிட்டான். அவன் அழுது ஓய்ந்த குரல். அடக்கத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான், சொன்னேன். பிறகு வேறொன்று கேட்டான்.

"அப்பா சந்தோஷமா போனாருன்னு அமலி சொல்றா. என்னைப் பத்திக் கேட்டாராடா?"

கேட்டார் என்றேன்.

"நீ என்ன சொன்னே?"

பொய் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. இவனிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நீ பார்த்துவிட்டாய், அழுதாய், டிக்கெட் போட்டுவிட்டாய், வருகிறாய் என்று அவர் காதில் கத்தினேன், அதைக் கேட்டு அவர் சிலுவை போட்டார் என்று சொன்னேன்.

"நல்ல காரியம் பண்ணினேடா சூசை" என்றான். "அவரு மனசு ஆறியிருக்கும். எனக்கும் அதே மாதிரிதானேடா சொன்னே?"

"இல்லடா. அவருக்குச் சொன்னதுதான் பொய். உனக்குச் சொன்னது நெசம்டா, சத்தியமா நெசம்" என்றேன். அப்போதும் நான் கத்தித்தான் பேசினேன்.

"சரிடா, சரிடா, நம்புறேன்" என்றான் ஆண்டனி. அவன் என்னைத் தேற்றுகிறான் என்று தெரிந்தது.